பவுடர் ஹார்ன்ல ஸ்க்ரிம்ஷா: முதல்ல எந்தக் கொம்பு, அப்புறம் எந்தக் கருவி?

பவுடர் ஹார்ன்ல படம் கீறி, கீறலுக்குள்ள மை ஏத்திப் பாக்கணும்னு (இதுதான் ஸ்க்ரிம்ஷா) ஆசை வந்தவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்தக் கத்தி வாங்கட்டும்?"னுதான். என்னைக் கேட்டா கத்தி மூணாவது கேள்வி. முதல் கேள்வி எந்தக் கொம்பு, ரெண்டாவது அந்தக் கொம்போட மேல்பரப்பை யாரு தயார் பண்ணப் போறா, நீங்களா இல்ல வித்தவனா. இந்த ரெண்டுக்கும் பதில் சரியா அமைஞ்சா பத்து ரூபா ஊசியில கூட பாக்குற மாதிரி ஒரு வேலை செஞ்சிடலாம், அது சரியில்லேன்னா நூறு டாலர் கருவி கையில இருந்தும் மை திட்டுத் திட்டா பரவித்தான் நிக்கும்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. வாய் வழியா மருந்து போட்டு இடிக்கிற பழைய துப்பாக்கி இருக்கே, நம்ம ஊரு நாட்டுத்துப்பாக்கி மாதிரி, அதுக்கு வேணும்கிற கரிமருந்தைப் போட்டு வச்சுக்குற மாட்டுக் கொம்புதான் பவுடர் ஹார்ன். தண்ணி உள்ள போகாது, எடை கிடையாது, உலோகம் மாதிரி உரசி நெருப்புப் பொறி வராது, வெளுப்பான கொம்பா இருந்தா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா உள்ள எவ்வளவு மருந்து மிச்சம்னு கூட தெரியும். அகலமான பக்கத்துல ஒரு மரக்கட்டை அடைச்சிருப்பாங்க, நுனியில துளை போட்டு ஒரு சின்ன தக்கை. 1754ல இருந்து 1763 வரைக்கும் வட அமெரிக்காவுல இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடிச்சிக்கிட்ட போர்ல, இன்னைக்கு நியூயார்க் மாநிலத்துல இருக்கிற லேக் ஜார்ஜ், டைகான்டரோகா, க்ரௌன் பாயின்ட் பக்கம் கூடாரம் போட்டு மாசக்கணக்கா சும்மா உக்காந்திருந்த சிப்பாய்ங்க கொம்புல பேரு, தேதி, கோட்டை, ஆறு, மான், மீன்னு கீற ஆரம்பிச்சாங்க. எல்லாரும் அவனவன் கொம்பை அவனவனே கீறிக்கிட்டான்னு நினைக்க வேணாம், முகாம்ல கை நல்லா இருக்கிற ஆளுகிட்ட மத்தவங்க கொடுத்து வாங்கிக்கிட்டாங்க. மாசசூசெட்ஸ்ல ஷ்ரூஸ்பரி ஊரைச் சேர்ந்த ஜான் புஷ்னு ஒருத்தர், கருப்பினத்தவர், 1755-56ல லேக் ஜார்ஜ் முகாம்ல அவர் கீறின எழுத்தைப் பாத்தா அசந்துடுவீங்க, அந்த வளைவும் கொடி மாதிரி சுருளும் அப்புறம் வந்த எத்தனையோ பேர் கொம்புல எதிரொலிக்குது. அடுத்து 1775ல, அமெரிக்க சுதந்திரப் போர் தொடக்கத்துல, பாஸ்டனைச் சுத்தி முற்றுகை போட்டப்பவும் இதே கதை, சும்மா காத்துக்கிட்டிருந்த படை, கையில கொம்பு, கையில கத்தி.

ஸ்க்ரிம்ஷான்னு நாம பொதுவா சொல்றது திமிங்கல வேட்டைக் கப்பல்ல இருந்தவங்க ஸ்பெர்ம் திமிங்கலப் பல்லுல கீறினது, அது 19ஆம் நூற்றாண்டு சமாச்சாரம், அதாவது கொம்பு கீறல் அதுக்கு மூத்தது. கொம்பு வேலைக்காரங்க சில பேர் "இதை ஸ்க்ரிம்ஷான்னு சொல்லாதே"ன்னு கோச்சிக்குவாங்க, கோச்சிக்கட்டும், கடையில தேடுறப்ப அந்தப் பேர்லதான் கிடைக்கும்.

சரி, கொம்புக்கு வருவோம். உங்க முன்னாடி நாலு வழி இருக்கு.

முதல் வழி, பச்சையா கிடைக்கிற மாட்டுக் கொம்பை வாங்கி எல்லாத்தையும் நீங்களே செய்யறது. உள்ளே இருந்த எலும்பை எடுத்துட்டு வெறும் கூடா விக்கிற கொம்புதான் இது, மேல சொரசொரன்னு செதில் செதிலா, அழுக்கு நிறத்துல இருக்கும். அளவா அறுத்து, நுனியில துளை போட்டு (நுனிப் பக்கம் கெட்டியா இருக்கும், துளை உள்குழியைச் சரியா போய்த் தொடணும், வளைவுல சுவரைக் கிழிச்சிட்டு வெளிய வந்துடக் கூடாது), அகலப் பக்கத்தைக் கொதிக்கிற தண்ணியில போட்டு இளக்கி வட்டமாக்கி, மரக்கட்டை இறக்கி, மர ஆணி அடிச்சு, தேன்மெழுகு வச்சு அடைச்சு, அதுக்கப்புறம் அரம், சுரண்டி, உப்புத்தாள்னு மேல்பரப்பை வழிச்சு வழிச்சு வழவழப்பாக்கணும். வேலை சுகமாத்தான் இருக்கும், ஆனா வீட்டுக்குள்ள செய்யாதீங்க, கொம்புத் தூள்ங்கிறது முடி, நகம் எதனால ஆனதோ அதே கெரட்டின்தான், அரத்துல சூடேறினா தலைமுடி பொசுங்குற நாத்தம் ஒரு வாரத்துக்கு வீட்டை விட்டுப் போகாது, மூக்குல மாஸ்க் இல்லாம செய்யவும் கூடாது. இதுல என் பிரச்சனை நாத்தம் இல்லை. இது முழுக்க முழுக்க இன்னொரு கலை. கீறக் கத்துக்க வந்தவன் தச்சு வேலை, கடைசல் வேலை எல்லாம் கத்துக்கிட்டு, கடைசியில பளபளன்னு சொந்தக் கையால செஞ்ச கொம்பை மடியில வச்சா, அதுல முதல் கோடு போடக் கை வராது. பத்து நாள் உழைச்சதைக் கெடுத்துடுவோமோங்கிற பயம் கோட்டுல நடுக்கமா தெரியும்.

ஆனா இந்த வழிக்கு ஒரு பெரிய நன்மை இருக்கு, சொல்லலேன்னா நியாயமில்ல. கொம்புச் சுவர் எங்க தடிமன் எங்க மெல்லிசுன்னு உங்க கைக்கே தெரிஞ்சிடும். அகலப் பக்கம் பொதுவா மெல்லிசு, நுனியை நோக்கிப் போகப் போக தடிமன். விளக்குக்கு எதிரா புடிச்சா மெல்லிசான எடம் தேன் நிறத்துல ஒளி விடும், அங்க ஆழமா அழுத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரெண்டாவது வழி, யாரோ செஞ்சு முடிச்ச, ஒண்ணும் கீறாத வெறும் பவுடர் ஹார்னை வாங்கறது. அமெரிக்காவுல பழைய காலத்து முகாம் மாதிரி வேஷம் போட்டு வாழ்ந்து பாக்குற கூட்டம், கரிமருந்துத் துப்பாக்கிப் போட்டி நடத்துற கிளப்புங்க எல்லாம் இருக்கறதால இதுக்குன்னு கைவினைஞர்கள் நிறைய உண்டு, கென்டக்கி லெக்சிங்டன்ல வருஷா வருஷம் நடக்குற லாங்ரைஃபிள் (பழைய நீளக்குழல் துப்பாக்கி) சங்கக் கண்காட்சிக்குப் போனா மேசை மேசையா அடுக்கி வச்சிருப்பாங்க. விலை பச்சைக் கொம்பை விட பல மடங்கு, ஆனா மேல்பரப்பு வேலை முடிஞ்சிருக்கும். வாங்குறப்ப மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, உடம்பு வெளுப்பா இருக்கணும், நுனி கருப்பா இருந்தா பரவாயில்ல, அழகாத்தான் இருக்கும், ஆனா நீங்க கீறப் போற எடத்துல கருப்பு, பழுப்பு வரி ஓடினா கோடு அதுல காணாமப் போயிடும். ரெண்டு, மேல வார்னிஷ் அடிச்சிருக்கான்னு பாக்கணும், இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, வார்னிஷ் மேல கீறினா கோட்டோட ஓரம் சில்லு சில்லா பேரும், மை அந்தப் பேர்ந்த எடத்துக்குள்ள புகுந்து கோடு மீசை முளைச்ச மாதிரி ஆயிடும். யாருக்கும் தெரியாத எடத்துல, கட்டைக்குப் பக்கத்துல, பஞ்சுல கொஞ்சம் அசிட்டோன் தொட்டுத் தேய்ச்சுப் பாத்தா பிசுபிசுன்னு ஆகுதா இல்லையான்னு தெரிஞ்சிடும். மூணு, வலக்கொம்பா இடக்கொம்பா. மாட்டுக்கு வலப்பக்கம் இடப்பக்கம் கொம்பு வேற வேற மாதிரி முறுக்கி வளையும், அதனால எது உங்க இடுப்புல ஒட்டி உக்காருதோ அதுதான் உங்க கொம்பு, எந்தப் பக்கம் உடம்புல ஒட்டுதோ அந்தப் பக்கம் யார் கண்ணுலயும் படாது, உங்க நல்ல படம் வெளிப்பக்கம்தான் வரணும்.

மூணாவது, ஆன்லைன்ல சல்லிசா கிடைக்கிற அலங்காரக் கொம்பு, குடிக்கிற கொம்புன்னு வைக்கிங் படம் போட்டு விக்கிறாங்களே அது. இதுல நிறைய நம்ம நாட்டுல இருந்து போற எருமைக் கொம்பு, உத்தரப் பிரதேசத்துல சம்பல்ங்கிற ஊரு கொம்பு, எலும்பு வேலைக்குப் பேர் போனது. எருமைக் கொம்பு கருப்பு. கருப்புல கருப்பு மை எடுபடாது, அதனால வெள்ளை பெயிண்ட்டைத் தேய்ச்சு நிரப்பணும். பாக்க ஜம்முன்னு இருக்கும், சிலேட்டுல எழுதின மாதிரி பளிச்சுன்னு தெரியும், ஆனா 18ஆம் நூற்றாண்டு பவுடர் ஹார்ன் ஜாடையே வராது. ஜாடை வேணாம், எனக்கு கீறணும் அவ்வளவுதான்னா இது கெட்ட வழி இல்லை, விலையும் கம்மி, சுவரும் தடிமன், கை தவறினாலும் மனசு வலிக்காது.

நாலாவது, கொம்பே வேணாம், முதல்ல தட்டையான வேற ஏதாவதுல பழகிக்கறேன்ங்கிற வழி. ஸ்க்ரிம்ஷா கிட்னு விக்கிற டப்பாவுல தந்தம் மாதிரி வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் துண்டு, ஒரு ஊசி, ஒரு மை பாட்டில் இருக்கும். கிடார் நரம்புக்கு அடியில வைக்கிற எலும்புப் பட்டை தனியா கிடைக்கும், அதுவும் ஆகும். எலும்பு கெட்டி, கோடு சுத்தமா விழும், ஆனா நுண்துளை நிறைய, மெழுகு தேய்க்காம மை வச்சா கரும்புள்ளி தூவின மாதிரி ஆயிடும். பிளாஸ்டிக்ல அந்தத் தொல்லையும் இல்ல. அதுதான் அதோட குறையே. பிளாஸ்டிக்குக்கு இழை கிடையாது, எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே மாதிரி வரும், கொம்புல அப்படி இல்ல, கொம்பு நீளவாக்குல இழை இழையா, அடுக்கு அடுக்கா வளர்ந்தது, நீளவாக்குல கோடு போட்டா கத்தி முனை அந்த இழையைப் புடிச்சுக்கிட்டு அதோட போக்குல ஓடப் பாக்கும், குறுக்கே போட்டா ஒவ்வொரு அடுக்கு வரியிலயும் லேசா தடுக்கித் தடுக்கிப் போகும். பிளாஸ்டிக்ல நல்லா பழகினவன் கொம்புக்கு வந்தா முதல் நாளே "என்னடா இது"ன்னு ஆயிடுவான்.

தந்தம், திமிங்கலப் பல்லு பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க. அமெரிக்காவுல 1972ல கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் 1973ல அழியும் உயிரினங்கள் சட்டமும் வந்துடுச்சு, யானைத் தந்தத்துக்கு 2016ல கிட்டத்தட்ட முழுத் தடை. மாமத் (அழிஞ்சு போன பழங்கால யானை இனம்) தந்தம் சட்டப்படி ஓகேன்னு விக்கிறவன் சொல்லுவான், ஆனா நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்கள்ல அதை விக்கறதும் தப்பு. மாட்டுக் கொம்புக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.

அப்ப நான் என்ன சொல்றேன்னா, பழக நாய் கடிக்க விக்கிற கொம்பு வாங்குங்க. சிரிக்காதீங்க. அமெரிக்காவுல நாய், பூனை சாமான் விக்கிற கடையில மாட்டுக் கொம்பை அப்படியே அறுத்து நாய்க்கு மெல்லக் கொடுக்கறதுக்குன்னு வச்சிருப்பாங்க, குவியல்ல கிளறி வெளுப்பா ஒண்ணு எடுத்து, ஒரு கையகலம் மட்டும் சுரண்டி, 220, 400, 600ன்னு (நம்பர் கூடக் கூட நைஸ்) உப்புத்தாள் வரிசையா போட்டுத் தேய்ச்சு, அதுல ஆனா ஆவன்னாவுல இருந்து கோட்டை வரைக்கும் எல்லாத்தையும் கீறித் தள்ளுங்க. உண்மையான கொம்பு, உண்மையான வளைவு, உண்மையான இழை. இதுல கை நின்னதும் நேரா ரெண்டாவது வழிக்குப் போய் ஒரு வெறும் பவுடர் ஹார்ன் வாங்குங்க. முதல் வழியை, முழுசா நானே செய்யறதை, ரெண்டாவது மூணாவது கொம்புக்கு வச்சுக்குங்க. கிட் டப்பாவை யாராவது பரிசா கொடுத்தா வாங்கிக்கலாம், காசு கொடுத்து வாங்க வேணாம்.

கத்தியா, ஊசியா, உளியா

இதுலதான் ஆளாளுக்கு சண்டை. கத்தின்னா காகிதம் வெட்டுற ஹாபி கத்தி, முக்கோண முனை பிளேடு மாட்டுறது, எக்ஸ்-ஆக்டோ பதினொண்ணாம் நம்பர் பிளேடுன்னு கேட்டா எந்தக் கடையிலயும் எடுத்துக் கொடுப்பான். ஊசின்னா சின்னக் கைப்பிடியில மாட்டின கெட்டி எஃகு ஊசி இல்ல கார்பைடு முனை. உளின்னா நகை ஆசாரி வச்சிருப்பாரே அந்த மாதிரி, உள்ளங்கையில குமிழ் வச்சுத் தள்ளுறது, முன்னாடி சுருள் சுருளா தூள் வரும்.

பழைய கொம்புங்க எல்லாம் கோடுதான். புள்ளி புள்ளியா குத்தி நிழல் காட்டுறது பெரும்பாலும் இந்தக் காலத்து ஸ்க்ரிம்ஷா பழக்கம். அதனால 18ஆம் நூற்றாண்டு ஜாடை வேணும்னா கத்திதான். ஊசியால குத்துறது கை நடுங்குறவங்களுக்கு ஒரு வரம், ஏன்னா புள்ளி வழுக்காது, கோடு வழுக்கும், ஒரு புள்ளி தப்பா விழுந்தா பக்கத்துல நாலு புள்ளி வச்சு மறைச்சிடலாம், ஒரு கோடு வழுக்கி ஓடினா அது கொம்பு இருக்கிற வரைக்கும் அங்கயே இருக்கும், சுரண்டித்தான் எடுக்கணும். மான் உடம்புல ரோமம், மேகம், புகை மாதிரி எதாவது மென்மையா வேணும்னாலும் ஊசிதான். ஆனா எழுத்துக்கு ஊசி சரிப்படாது, புள்ளி வச்ச எழுத்து கடிதத்துல கண்ணீர் பட்ட மாதிரி கலங்கித்தான் தெரியும்.

கத்தியில ஒரு எஸ் எழுத்து எப்படி வெட்டறதுன்னு பாத்தா மொத்த வித்தையும் புரிஞ்சிடும். பென்சில்ல எழுத்தை வரைஞ்சுக்கணும். பிளேடைப் பேனா மாதிரி புடிச்சு, லேசா ஒரு பக்கம் சாச்சு, பென்சில் கோட்டு மேலயே மெதுவா ஒரு இழுப்பு, அழுத்தமே இல்லாம, மேல்தோல் மட்டும் கிழியற மாதிரி. இது பாதை போடுறது. ரெண்டாவது தடவை அதே பாதையில கொஞ்சம் அழுத்தம். மூணாவது தடவை பிளேடை எதிர்ப்பக்கம் சாச்சு அதே கோட்டுல இழுத்தா தலைமுடி மாதிரி ஒரு இழை கழண்டு வரும், கோடு இப்ப வி வடிவத்துல பள்ளமாயிடுச்சு, மை நிக்க எடம் வந்துடுச்சு. இதுல வளைவு வர்ற எடத்துல கத்தியைத் திருப்பாதீங்க. கத்தி வச்ச கை அப்படியே நிக்கணும், இடது கை கொம்பைத் திருப்பணும். துணிப்பையில அரிசி போட்டுக் கட்டி அதுக்கு மேல கொம்பை வச்சுக்கிட்டா எப்படித் திருப்பினாலும் ஆடாம உக்காரும். இடது கைக் கட்டைவிரல் கத்திக்கு முன்னாடி இருக்கவே கூடாது, பிளேடு கொம்புல வழுக்கினா எங்க போய் நிக்கும்னு யோசிச்சிட்டு விரலை வைங்க. பெரிய எஸ்ஸுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், ஆகட்டும்.

உளியில வர்ற கோடுதான் இருக்கறதுலயே அழகு, ஒரே தள்ளுல தடிமனும் மெல்லிசும் மாறி மாறி வரும், எனக்கும் ஆசைதான். ஆனா உளியைச் சாணை புடிக்கத் தெரியணும், முனை கோணம் கொஞ்சம் மாறினாலும் கொம்புல புதைஞ்சு நிக்கும் இல்லேன்னா மேல சறுக்கும், புதுசா வர்றவங்களுக்கு கீறறதையும் சாணை புடிக்கறதையும் ஒரே நேரத்துல கத்துக்கறது தண்டனை. ஒரு வருஷம் போகட்டும்.

டிரெமல் மாதிரி சுத்துற மெஷின் பத்தி ரெண்டே வரி. கொம்பு இளகி, கருகி, நாறும், கோட்டோட ரெண்டு ஓரமும் மயிர் மயிரா நிக்கும். வேணாம்.

கருவியை விட வெளிச்சம் முக்கியம்னு இங்க ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். தலைக்கு மேல இருக்கிற லைட்டுல மை வைக்காத கோடு கண்ணுக்கே தெரியாது. மேசை விளக்கைத் தாழ்வா, பக்கவாட்டுல வச்சா கோட்டோட ஒரு ஓரத்துல நிழல் விழும், அப்பத்தான் எங்க வெட்டினோம் எங்க விட்டோம்னு தெரியும். நாப்பது தாண்டினவங்க நெத்தியில மாட்டுற பூதக்கண்ணாடி வாங்கிடுங்க, கௌரவம் பாக்காதீங்க.

மை

இந்தியா இங்க் ஒரு பக்கம், ஆயில் பெயிண்ட் இன்னொரு பக்கம். ரெண்டையும் ஒரே நாய்க் கொம்புல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, நான் சொல்றதை விட அது நல்லா சொல்லும். இந்தியா இங்க் தண்ணியா ஓடும், கண்ணுக்குத் தெரியாத உப்புத்தாள் கீறல்ல எல்லாம் புகுந்துக்கும், அதாவது நீங்க 400ல நிறுத்திட்டு 600 போகாம விட்டிருந்தா மை அதை ஊருக்கே சொல்லிடும். சீக்கிரம் காயும், கருப்பு நல்ல கருப்பு. ஆயில் பெயிண்ட் கெட்டி, பள்ளத்துல உக்காந்துக்கும், நுண்துளைக்குள்ள அவ்வளவா போகாது, தப்பா போனா துணியால துடைச்சிடலாம், அவசரமே இல்லை, ஆனா காய நாள் கணக்கா ஆகும், அதுக்குள்ள தொட்டா விரல்ல வந்துடும். நான் ஆயில் பெயிண்ட் கட்சி, அதுலயும் சுத்தக் கருப்பு இல்ல, பர்ன்ட் அம்பர்னு ஒரு கரும்பழுப்பு இருக்கு, அதுல துளி கருப்பு கலந்து. பழைய கொம்பைப் பாத்தீங்கன்னா கோடு ஒண்ணும் அச்சடிச்ச மாதிரி கருகருன்னு இருக்காது, புகை, அழுக்கு, கையெண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரு பழுப்புதான்.

எந்த மையா இருந்தாலும் அதுக்கு முன்னாடி செய்யற ஒரு வேலை இருக்கு, வெட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கொம்பு மேல பேஸ்ட் மெழுகு பூசி நல்லா தேய்ச்சு மெருகேத்திடணும். மெழுகு நுண்துளையை அடைச்சிடும், அப்புறம் நீங்க வெட்டுற கோடு மட்டும்தான் திறந்த வாய். மை தேய்ச்சு, கொஞ்ச நேரம் விட்டு, மெத்துன்னு இருக்கிற துணியால கோட்டுக்குக் குறுக்கே துடைக்கணும், கோட்டு வாக்குல துடைச்சா பள்ளத்துல இருக்கிற மையையும் சேர்த்து எடுத்துடும். இந்தியா இங்க்கா இருந்தா, மிச்சம் மீதி கறைக்கு நாலு சைபர் (0000) போட்ட ரொம்ப நைஸான ஸ்டீல் ஊல் லேசா. மொத்தப் படத்தையும் வெட்டி முடிச்சிட்டுத்தான் மை வைப்பேன்னு உக்காராதீங்க, உள்ளங்கை அளவு வெட்டினதும் மை வச்சுப் பாருங்க, ஆழம் போதலேன்னா அப்பவே தெரியும்.

என்ன கீறலாம்

புதுசா வர்றவங்க பத்துல எட்டு பேர் முகம் வரையணும்னு வர்றாங்க, செவ்விந்தியத் தலைவர், ஓநாய், கழுகு. விட்டுடுங்க. முகத்துல ஒரு கோடு தப்பினா ஆளே மாறிடுவான். பழைய கொம்புக்காரங்க எதைக் கீறினாங்கன்னு பாருங்க, அவங்களும் நம்மள மாதிரி கை பழகாதவங்கதான் பாதிப் பேர். பேரு, வருஷம், இது இன்னார் கொம்புங்கிற ஒரு வரி, ஓரத்துல பல்லு பல்லா ஒரு பார்டர், கோணல் மாணலா ஒரு மீன். மருந்தும் அதோட தம்பி குண்டும் சேர்ந்தா எல்லாரையும் ஜெயிச்சிடும்ங்கிற மாதிரி ஒரு ரெண்டு வரிப் பாட்டு எத்தனையோ கொம்புல திரும்பத் திரும்ப வரும், ஸ்பெல்லிங் ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு விதம்.

முதல் கொம்புக்கு என் ஓட்டு மேப்புக்குத்தான், அது பாக்க பயமா இருந்தாலும். நியூயார்க்ல இருந்து ஹட்சன் ஆத்து வழியா வடக்கே போனா ஆல்பனி, அங்க பக்கத்துல மேற்கே மோஹாக் ஆத்து வழி பிரியும், வடக்கே லேக் ஜார்ஜ், லேக் சாம்ப்ளெய்ன், வழி நெடுக கோட்டை. அந்தக் காலத்து மேப் கொம்புல அடிக்கடி வர்றது இந்த வழிதான், ஏன்னா படை போனதும் அதுலதான், 1762ல க்யூபாவுல ஹவானாவைப் புடிக்கப் போன படை அந்தத் துறைமுகத்தைக் கூட கொம்புல கீறிக்கிட்டு வந்துச்சு. ஆறு நீளமா வளைஞ்சு போகும், கொம்பும் நீளமா வளைஞ்சு போகும், ஆத்துல கோடு நடுங்கினா கரை நெளியுதுன்னு அர்த்தம், யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. கோட்டைன்னா நாலு மூலையில நாலு முக்கு. வீடுன்னா சதுரமும் முக்கோணமும். உங்க ஊருக்குப் பக்கத்துல ஓடுற ஆத்தையே எடுத்துக்கலாம், பழசைத்தான் காப்பி அடிக்கணும்னு சட்டம் கிடையாது.

மாதிரி வேணும்னா ரூஃபஸ் க்ரைடர்னு, நியூயார்க் மாநிலத்துல கனஜொஹாரி ஊரு டிராயிங் மாஸ்டர் ஒருத்தர் 19ஆம் நூற்றாண்டு கடைசியில ஊர் ஊரா போய் நூத்துக்கணக்கான பழைய கொம்பைப் பாத்து வரைஞ்சு வச்சிருக்கார், கொம்பைச் சுத்தி இருக்கிற கீறலைத் தட்டையா விரிச்சுக் காட்டி. நியூயார்க் ஹிஸ்டாரிக்கல்ங்கிற மியூசியத்துல (முன்ன நியூயார்க் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டின்னு பேரு) அந்தப் படங்கள் இருக்கு. நேர்ல பாக்கணும்னா டைகான்டரோகா கோட்டை மியூசியத்துல கொம்புங்க ஏகப்பட்டது.

அந்த விரிச்ச படத்தை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொம்புல சுத்தினா ஒட்டாது, கொம்பு ஒரு பக்கம் குறுகிக்கிட்டே போகுது, போதாக்குறைக்கு வளையவும் வளையுது, காகிதம் சுருங்கி மடியும். துண்டு துண்டா வெட்டி ஒட்டுங்க இல்ல கண்ணால பாத்து நேரா கொம்பு மேல பென்சில்ல வரையுங்க, ரெண்டாவதுதான் எனக்குப் பிடிச்சது. வரி நேரா வர ரப்பர் பேண்டைக் கொம்பைச் சுத்தி மாட்டி அது பக்கத்துலயே பென்சிலை ஓட்டலாம். பென்சில் கை பட்டு அழியாம இருக்க ஹேர் ஸ்ப்ரே ஒரு தடவை லேசா.

தமிழ்ல பேர் கீறணும்னு ஆசைப்படுறவங்களுக்கு: இப்ப நாம எழுதுற எழுத்துல சுழி அதிகம், ண, இ எல்லாம் கத்திக்கு எமன். கீழடி, கொடுமணல் பானை ஓட்டுல பேரைக் கீறி வச்சிருக்காங்களே அந்தத் தமிழி எழுத்து பெரும்பாலும் நேர்கோடு, கொம்புல சுளுவா விழும்.

கடைசியா சாயம். பளீர்னு வெள்ளையா இருக்கிற புதுக் கொம்பு மேல பழைய ஜாடைக் கீறல் பொருந்தாம நிக்கும், அதனால நிறைய பேர் துணிக்குப் போடுற ரிட் சாயத்துல மஞ்சளும் துளி ஆரஞ்சும் கலந்து கொம்பை முக்கி எடுப்பாங்க. மெழுகு இருந்தா சாயம் ஏறாது, அதனால சாயம் போடுறதா இருந்தா மெழுகுக்கு முன்னாடியே போட்டுடணும், தண்ணி ரொம்ப சூடா இருந்தா கொம்பு இளகி கட்டைப் பக்கம் விட்டுக் கொடுத்துடும், வெதுவெதுப்பு போதும், நேரம்தான் கூட ஆகும். முதல் கொம்புக்கு நான் சாயமே வேணாம்னுதான் சொல்லுவேன், கை பட்டுப் பட்டு அதுவே மஞ்சளாகும். பழசாக்கற ஆசை முத்திப் போய் ஏதோ ஏலத்துல கிடைச்ச நிஜமான பழைய வெறும் கொம்புல 1757ன்னு தேதி போட்டுக் கீறாதீங்க, அப்படிக் கீறினதைப் பழசுன்னு நம்பி ஏமாந்தவங்க ஏராளம், அதோட ஒரு நிஜப் பழம்பொருளும் போச்சு. உங்க கொம்புல உங்க பேரும் இந்த வருஷமும் இருக்கட்டும், கட்டை ஓரமா சின்னதா.

பழைய கொம்பு கிடைச்சா இன்னொண்ணு, தக்கையைப் பிடுங்கி உள்ள மருந்து மிச்சம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் விளக்குப் பக்கமே கொண்டு போகணும். முடிச்ச கொம்பை கம்பளித் துணியில சுத்திப் பெட்டியில போட்டுடாதீங்க, கம்பளி அரிக்கிற அதே வண்டுக்குக் கொம்பும் சாப்பாடுதான், மியூசியத்துல இருக்கிற பழசுலயே துளை துளையா தின்னு வச்சிருக்கும். கண் படுற மாதிரி சுவத்துல மாட்டுங்க, வெயிலும் ஹீட்டரும் படாத சுவரா.